வரிசையாக ஐந்து

எதிர்வீட்டில் சனிக்கிழமை காலையிலிருந்து குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. கழுவிய பாத்திரத்தையே அவள் திரும்பக் கழுவுகிறாள் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. எங்கள் மாடியில் சுவர் என்பதெல்லாம் பேருக்குத்தான்; அங்கே தும்மினால் இங்கே நான் மூக்கைத் துடைத்துக்கொள்ள வேண்டும். பத்து மணிக்கு நாற்காலி இழுக்கும் சத்தம். பதினொரு மணிக்கு ஜன்னல் கம்பியைத் தேய்க்கும் சத்தம். மூன்று நாளாகக் காற்றே இல்லாத புழுக்கம் வேறு. இதோ வருகிறேன் என்று மிரட்டிக்கொண்டே மழை வராமல் இருந்தது.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதற்குக் காரணம் நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம் என்று கம்பெனியில் என்னைப் பற்றிச் சொல்வார்கள். தப்பில்லை, சொல்லட்டும்.

அவள், அவள் புருஷன், நான் மூன்று பேருக்கும் ஒரே பம்ப் கம்பெனியில் வேலை. எனக்குக் கடைசி மேசை. பம்ப் பாடியின் நடுத்துளைக்குள் கேஜை விட்டுப் பார்ப்பேன். ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறுமுனை போகக்கூடாது. சரியாக இருந்தால் பெட்டியில் அடுக்குவேன், இல்லாவிட்டால் கழிவில் போடுவேன். இருபத்தெட்டு வருடமாக இதே வேலை. எல்லோருக்கும் நான் கேஜ் அக்கா. என் சொந்தப் பெயரைச் சம்பளச் சீட்டில் பார்த்தால்தான் எனக்கே ஞாபகம் வரும்.

அவள் மிஷின் ஓட்டுபவளாகத்தான் வந்தாள். இருபத்தொன்பது வயதில், எட்டு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு, வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்கும் படிப்பில் சேர்ந்தாள். கம்பெனியும் ஒரு பொறியியல் கல்லூரியும் சேர்ந்து நடத்துவது. வாரத்தில் நான்கு நாள் மிஷின், ஒரு நாள் வகுப்பு. நான்கு வருடம். செய்த வேலையை எல்லாம் ஒரு தடித்த புத்தகத்தில் எழுதி, நேரில் பார்த்தவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கடைசி வருடம் கம்பெனிக்குப் பயன்படுகிற மாதிரி ஒரு ப்ராஜெக்ட். கல்லூரியிலிருந்து ஒரு மேடம் வந்து, வேலை நடக்கும் இடத்தில் நின்று பார்த்து மார்க் போடுவார். சேர்ந்த அன்றே அவளுக்கு இன்ஜினியர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் கிண்டல்தான். நான்காவது வருடத்தில் கிண்டல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அவள் புருஷன் மிஷின் செட்டர், மிஷினை அளவுக்கு அமைத்துக் கொடுக்கிறவர். அவருக்குக் காது என்று பெயர். துளையைக் கடைகிற சின்ன வெட்டுப் பல்லை நாங்கள் டிப் என்போம். டிப் மழுங்க ஆரம்பிப்பது அளவுக்கருவிக்குத் தெரிவதற்கு முன்னால் அவர் காதுக்குத் தெரியும். தலையை இடது பக்கம் லேசாகச் சாய்ப்பார். சாய்த்தால் டிப்பை மாற்றப் போகிறார் என்று அர்த்தம். அவள் படிக்கப் போன நாளிலிருந்து வீட்டில் சமையல் அவருடையது. சோறு குழைந்தாலும் குழம்பு கரித்தாலும் அந்த வீட்டில் யாரும் வாயைத் திறந்ததில்லை. நான் மட்டும் திறப்பேன்.

அவளுடைய ப்ராஜெக்டை நான் புரிந்துகொண்ட அளவுக்குச் சொல்கிறேன். எண்பது பீஸுக்கு ஒருமுறை டிப்பை மாற்றுவதுதான் வழக்கம். நூற்றிநாற்பது வரை ஓட்டினாலும் துளையின் அளவு மாறாது என்று நிரூபிக்கிறேன் என்றாள். அதற்காக மூன்று மாதம் தினமும் ஒரு லாட், அதாவது ஒரே டிப்பில் ஓடுகிற பீஸ் தொகுதி, அவள் புருஷனின் ஷிப்டில், நூற்றிநாற்பது வரை ஓடியது. இடையில் யாரும் மிஷினில் வைத்த அளவில் கைவைக்கக்கூடாது. பீஸ்களுக்கு வரிசையாக எண் போட வேண்டும். இருபது பீஸுக்கு ஒருமுறை, வரிசையாக வருகிற ஐந்தை எடுத்து அவள் அளப்பாள். மிஷினில் நிற்பவர் ‘வரிசையாக வந்த ஐந்து’ என்ற தாளில் கையெழுத்துப் போடுவார்.

தாளைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஒரு பீஸ்கூட அளவு தவறவில்லை. மேனேஜருக்கு ஏக சந்தோஷம். இவ்வளவு நன்றாக ஓடினால் கடைசி மேசையில் ஒவ்வொரு பீஸையும் பார்ப்பானேன், பத்துக்கு ஒன்று பார்த்தால் போதுமே என்றார். அதாவது என் வேலையில் பாதிக்கு மேல் காலி. எனக்கு வயிறு எரிந்தது. எரிந்தாலும் அவள் படிப்புக்குக் கண் போட்டதில்லை, அது சத்தியம்.

வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் என் மேசைக்கு வந்தாள். ப்ராஜெக்டின் பின்பக்கத்தில் சேர்க்க வேண்டும், மூன்று மாதக் கழிவு நோட்டைக் கொடுங்கள் என்று கேட்டாள். கம்பெனி ஏட்டில் கழிவு என்றால் மொத்தமாக ஒரே எண்தான். என் நோட்டில் மட்டும் வார்ப்பில் ஓட்டை, கீறல், அளவு என்று பீஸ் எண்ணோடு தனித்தனியாக எழுதியிருப்பேன். எனக்கு அது ஒரு பைத்தியம். நோட்டைத் தள்ளிவிட்டு, வாய் சும்மா இல்லாமல், “உன் தாள்ல எல்லாம் தங்கமா இருக்குன்னு சொல்றாங்க. எனக்கு மட்டும் எங்கேருந்துடீ இவ்வளவு சின்னத் துளை வருது?” என்றேன்.

அவள் நின்றபடியே பக்கங்களைப் புரட்டினாள். விரலை வைத்து எண்ணினாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். அவளுடைய சோதனை லாட்டில் மட்டும் அளவு தவறியவை முப்பத்தொன்று. எல்லாம் நூறைத் தாண்டிய எண்கள். அவள் தாளில் அதில் ஒன்றுகூட இல்லை. ஒன்றிரண்டு தப்பிப்போகலாம், முப்பத்தொன்றும் தப்புமா? முகத்தில் ஈயாடவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை செட்டர்களுக்கு மட்டும் அரை நாள் வேலை; அது முடிந்து அவர் மூன்று மணிக்கு வந்தார். அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதுமே என் கதவு தட்டப்பட்டது.

“அக்கா, நீங்களும் வாங்க. நான் தனியாக் கேட்டா சண்டையாப் போயிடும்.”

அவள் மகளை என் வீட்டில் டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு நான் அங்கே போனேன். ஏழாவது படிக்கிறவளுக்கு நாம் எதற்காக அனுப்புகிறோம் என்பது தெரியாதா என்ன, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டாள்.

அவர் கைகால் கழுவிவிட்டு நேராக அடுப்படிக்குப் போய் வெங்காயம் நறுக்க ஆரம்பித்திருந்தார். முட்டையும் உருளைக்கிழங்கும் எடுத்து வைத்திருந்தார். அவள் தாள் கட்டையும் என் நோட்டையும் பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமா.”

“மேல என்ன எழுதியிருக்கு, படிங்க.”

அவர் படிக்கவில்லை. “வரிசையா வந்த அஞ்சு” என்று வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“வரிசையா வந்துச்சா?”

கத்தி இரண்டு மூன்று முறை பலகையில் விழுந்தது. “நூறு வரைக்கும் வரிசைதான்.”

“அதுக்கு மேல?”

“அதுக்கு மேல கொஞ்சம் பாத்து எடுப்பேன்.”

“என்ன பாத்து?”

அவர் நிமிர்ந்தார். இதில் கேட்க என்ன இருக்கிறது என்கிற முகம். “எது சரியா வந்திருக்குன்னு எனக்குத் தெரியுமில்ல? உனக்குப் போய்க் கெட்ட பீஸைக் கொடுப்பேனா?”

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. சந்தையில் தக்காளி பொறுக்கிக் கொடுத்த கணக்காகச் சொல்கிறாரே மனுஷர். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டேன்.

எப்போது ஆரம்பித்தது என்று அவள் கேட்டாள். சோதனை ஓட ஆரம்பித்த இரண்டாம் வாரம் என்றார். கணக்குப் பரீட்சையில் இரண்டாம் தடவையும் தவறிப்போய், கண்ணெல்லாம் வீங்கி அவள் வேலைக்கு வந்த நாள். அன்றைக்குத் தட்டில் அடுக்கிய ஐந்தில் ஒன்று சரியில்லை என்பது அவருக்கு ஓசையிலேயே தெரிந்திருந்தது. இதை வேறு பார்த்து அழப் போகிறாளே என்று அதை எடுத்துவிட்டுப் பக்கத்துப் பீஸை வைத்தார். மறுநாளும் அப்படியே. பிறகு அது பழகிவிட்டது. ஒளித்து வைத்தோம் என்றெல்லாம் அவர் நினைக்கவில்லை. எடுத்ததைப் பேசாமல் மற்றதோடு சேர்த்துக் கடைசி மேசைக்கு அனுப்பிவிடுவார்.

“அக்கா கைக்குத்தானே போகுது. அவங்க புடிச்சிடுவாங்க. ஒரு கெட்ட பீஸாவது வெளிய போச்சா? இல்லையேக்கா?” என்று என்னைச் சாட்சிக்கு இழுத்தார்.

“அடுத்த வாரத்துலேருந்து அக்கா பத்துல ஒண்ணுதான் பாப்பாங்க,” என்றாள் அவள். “என் ப்ராஜெக்டை நம்பி.”

அவருக்கு அது தெரியாது. கத்தியைக் கீழே வைத்தார். சின்னத் துளையில், தண்டைத் தாங்குகிற பேரிங்கை அடித்துத்தான் ஏற்ற வேண்டும். நாலு நாள் ஓடி, சூடாகி, பம்ப் இறுகிப்போகும். அது யார் வீட்டுத் தண்ணீரோ, எந்த ஆஸ்பத்திரித் தண்ணீரோ. அவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிறகு சமாதானமாகப் பேசுகிற குரலில் ஆரம்பித்தார். “திங்கக்கிழமை மேடம் வராங்க. பாத்துட்டுப் போகட்டும். பட்டம் கைக்கு வரட்டும். அப்புறம் நீயே இன்ஜினியரா நின்னு, நூத்திநாப்பது வேணாம் தொண்ணூறு போதும்னு மாத்திடு. அதுவரைக்கும் நான் சத்தத்தைக் கேட்டு மாத்திக்கறேன்.”

“உங்க ஷிப்டுல நீங்க கேப்பீங்க. மத்த ரெண்டு ஷிப்டுல யாரு கேப்பா?”

“நாலு வருஷம்டீ.”

“எனக்குத் தெரியாதா?”

“எத்தனை நாள் தூங்காம…”

“எனக்குத் தெரியாதாங்க?” என்றாள் மறுபடி. அடுப்படியில் மூன்றடி நடப்பாள், திரும்புவாள், மூன்றடி நடப்பாள். பிறகு சுவரைப் பார்த்து நின்றுகொண்டு சொன்னாள். “முதல் வாரம் மிஷின் பக்கத்துல நின்னு நானேதான் எடுத்தேன். அப்புறம் ஆபீஸ்ல மேசை கொடுத்தாங்க. ஃபேன் இருந்துச்சு. நீங்க தட்டைக் கொண்டுவந்து வச்சீங்க. எனக்குச் சுகமா இருந்துச்சு. பீஸ் மேல போட்ட எண்ணைக்கூட நான் சரிபாக்கல. ஒரு நாளாவது எந்திரிச்சு வந்து எடுத்திருந்தா?”

அன்று அந்த வீட்டில் வெங்காயம் நறுக்கியபடியே கிடந்தது. குழந்தைக்கு நான்தான் முட்டை பொரித்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் உட்காரவில்லை. மொட்டை மாடிக்கும் வீட்டுக்குமாகத் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். உலர்ந்த துணியை மடித்தாள், மடித்ததை உதறி மறுபடி மடித்தாள். அவர் தெருமுனைக்குப் போய் எதையோ வாங்கி வந்தார், வாங்க வேண்டியதை மறந்துவிட்டு மறுபடி போனார். வானம் காலையிலிருந்து இருட்டிக்கொண்டு நின்றது.

மகள் என் கதவில் சாய்ந்து நின்று, “பெரியம்மா, அம்மா பாஸ் பண்ண மாட்டாங்களா?” என்று கேட்டாள். கறுப்பு அங்கி போட்ட அம்மாவோடு போட்டோ எடுக்கப் போகிறோம் என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லியாயிற்றாம். உங்க அம்மா கெட்டிக்காரி, எல்லாம் பாஸ் பண்ணுவா, போய்ப் படி என்று விரட்டினேன். வேறு என்ன சொல்ல?

சாயங்காலம் அவளே வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. மனசில் இருப்பதை எல்லாம் கொட்டினாள். உண்மையைச் சொன்னால் இந்த வருடம் பட்டம் இல்லை. போகட்டும், அதையாவது தாங்கிக்கொள்ளலாம். ஆனால் மூன்று மாதத் தாளிலும் அவர் கையெழுத்து இருக்கிறது. பார்க்காததைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்ட ஒருத்தரைப் போன வருடம்தான் வாசலோடு அனுப்பினார்கள். அதே கதி இவருக்கும் வந்தால்? செட்டர் வேலை அவருக்கு உயிர். அதில்லாவிட்டால் அவர் வீட்டில் எப்படி இருப்பார் என்று நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை என்றாள்.

“நீங்க ரெண்டு நாள் யார்கிட்டயும் சொல்லாம இருங்கக்கா.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “இருக்கேன். ரெண்டு நாள் கழிச்சு என்ன பண்ணுவ? மேடம் மார்க் போட்டுட்டுப் போனதுக்கப்புறம் சொல்லுவியா? நீ சொல்லலைன்னா நான் சொல்லித்தான் ஆகணும். சொன்னா என்ன பேசுவாங்க தெரியுமா? தன் வேலை போயிடும்னு கிழவி அந்தப் பொண்ணு படிப்புல மண்ணைப் போட்டான்னு பேசுவாங்க. என் நிலைமையைப் பாத்தியா? வாயைத் திறந்தாலும் கெட்டவ, மூடினாலும் கெட்டவ.”

அவள் கதவு நிலையை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றுவிட்டுப் போய்விட்டாள். ஏன்தான் அப்படிப் பேசினேனோ என்று எனக்கே என்மேல் எரிச்சலாக இருந்தது. அவள் என்ன செய்யப் போகிறாள் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அவளுக்கே தெரிந்திருக்குமோ என்னவோ.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் புது டிப் போட்டு மிஷினை ஓட்டினார்கள். இந்த முறை அவள் ஆபீஸ் பக்கமே போகவில்லை. மிஷின் கதவுக்குப் பக்கத்தில் சின்ன மேசையைப் போட்டு, அளக்கும் டயலை வைத்துக்கொண்டு நின்றாள். பீஸ் வெளியே வர வர அவளே எடுத்தாள். அவர் ஏற்றுவதும் இறக்குவதும் மட்டும்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. என் மேசை நாலு எட்டுத் தூரம். எனக்குக் கேஜ் பாதி, அவர்கள் மேல் கண் பாதி.

பத்தரைக்கு மேனேஜரோடு மேடம் வந்தார். ஒல்லியாக, தூசிக்குத் தும்மிக்கொண்டே இருக்கிற பெண்மணி. அவள் எல்லாவற்றையும் கணீரென்று விளக்கினாள். டிப், லாட், வரிசையாக ஐந்து. குரலில் ஒரு நடுக்கம் இல்லை. சொல்லாமலே விட்டுவிடப் போகிறாளோ என்று பயந்தேன். இன்னொரு பக்கம், விட்டுவிட்டால்தான் என்ன என்றும் மனசு சொன்னது. அப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்தது நிஜம், மறைப்பானேன்.

எண்பது தாண்டியது. எண்பத்தொன்றிலிருந்து ஐந்தும் நன்றாக இருந்தன. மேனேஜர், “பாத்தீங்களா மேடம், வழக்கமா இங்கயே மாத்திடுவோம்” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு ஃபோனை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். தொண்ணூறு. தொண்ணூற்றைந்து.

தொண்ணூற்றேழில் அவர் தலை இடது பக்கம் சாய்ந்தது.

மழுங்க ஆரம்பித்துவிட்டது. இந்த லாட்டில் இனி எந்த நேரமும் சின்னத் துளை வரும், மேடம் கண்ணெதிரில். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது. மேடம் குனிந்து தன் தாளில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நூறு ஓடி முடிந்தது. நூற்றொன்றை ஏற்றிவிட்டு அவர் வலது கையை மெல்ல மிஷின் பலகையின் பொத்தான்களுக்குக் கொண்டுபோனார். அங்கே அளவைக் கொஞ்சம் கூட்டி அழுத்தினால் போதும், துளை பழையபடி சரியாக வரும். கண் மூடித் திறப்பதற்குள் ஆகிற காரியம். பார்த்தது இரண்டே பேர், நானும் அவளும்.

அவள் அவர் கையைப் பிடித்தாள். அவர் என்னவோ முணுமுணுத்தார். மிஷின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை, பிறகு அவள்தான் சொன்னாள். பொத்தானை ரெண்டு தடவை அழுத்தினாப் போதும், யாருக்கும் தெரியாது என்றாராம்.

“எனக்குத் தெரியுமில்ல,” என்றாளாம் அவள். “கையை எடுங்க. ஓடட்டும்.”

அவர் கையை எடுத்தார். நூற்றொன்று வெளியே வந்தது. அளந்தாள், சரி. நூற்றிரண்டு, சரி. நூற்றுமூன்று, சரி. நூற்றுநான்கைத் துடைத்து டயலை உள்ளே விட்டாள். முள்ளைப் பார்த்தாள். நிமிர்ந்து மேடத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“நூத்திநாலு, மைனஸ் ஆறு.”

மேனேஜர் ஃபோனைக் காதிலிருந்து எடுத்தார். “சரியாத் துடைச்சு இன்னொருவாட்டி பாரும்மா.”

துடைத்துப் பார்த்தாள். துளை சின்னதுதான். மைனஸ் ஆறு. நூற்றைந்தை எடுத்தாள். மைனஸ் எட்டு. இரண்டையும் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். கேஜை விட்டேன். உள்ளே போகவில்லை. எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். போகவில்லை என்று தலையாட்டினேன். அவள் திரும்பிப் போய் சிவப்புப் பொத்தானை அழுத்தி மிஷினை நிறுத்தினாள். அந்த வரிசையே திடீரென்று அமைதியாகிவிட்டது.

“சார், என் ப்ராஜெக்ட் தப்பு. நூத்திநாப்பது ஓடாது. மூணு மாசமா நான் அளந்த பீஸை நான் எடுக்கல. தட்டுல வந்துச்சு, உக்காந்த எடத்துலேருந்து அளந்தேன். அக்கா நோட்டுல முப்பத்தியொரு பீஸ் இருக்கு. என் தாள்ல ஒண்ணுகூட இல்ல.”

“தட்டுல யார் கொண்டுவந்தா?” மேனேஜரின் குரல் மாறிவிட்டது.

“எடுக்க வேண்டியவ நான் சார். எடுக்கல. அதுதான் தப்பு.”

“நான்தான் சார்,” என்றார் அவர். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். “பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்தது நான். அவளுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் தெரியாது. கையெழுத்தும் என்னோடதுதான்.”

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “ஏன் அப்படிப் பண்ணீங்க?”

அவர் தரையைப் பார்த்தார். மிஷினைப் பார்த்தார். நாற்பது வயது மனுஷர், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவர் போல நின்றார். “கெட்டது போனா அவ அழுவா மேடம். எனக்குத் தாங்காது.”

மேடத்தின் கையில் நான்கு பக்கத் தாள் இருந்தது, கட்டம் கட்டமாக. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. எண்ணெய்ப் புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

இருவரையும் ஆபீஸுக்குக் கூப்பிட்டுப் போனார்கள். என் நோட்டையும் வாங்கிக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரத்தில் என்னிடம் வந்து விசாரிக்காத ஆள் பாக்கியில்லை. என்னைப் பற்றி நான் எதிர்பார்த்த பேச்சும் பக்கத்து வரிசையில் கிளம்பிவிட்டது, காதில் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டேன். வெளியே ஒருவழியாக மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது கொட்டிய கொட்டில் பேச்சும் அடங்கியது.

முடிவு இதுதான். அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. புது முறை அமலுக்கு வருவதற்கு முன்னாலேயே, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே வாயைத் திறந்து சொன்னதால் மேனேஜர் அந்த அளவுக்கு இறங்கி வந்தார். ஆனால் செட்டர் வேலை போயிற்று. நாளையிலிருந்து அதே மிஷினில் வெறும் ஆபரேட்டர், ஒரு வருடத்துக்கு. கடைசி மேசையில் பழையபடி ஒவ்வொரு பீஸையும் பார்க்க வேண்டும். அவளுக்கு மேடம் இந்த வருடம் மார்க் போட முடியாது என்று சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்க வேண்டும், மூன்று மாதம், மூன்று ஷிப்டிலும். அடுத்த வருடக் குழுவில்தான் உட்கார முடியும். நூற்றிநாற்பது ஓடும் என்று நிரூபிக்க வேண்டாம், எத்தனை ஓடுமோ அதைக் கண்டுபிடித்துச் சொல் போதும் என்றாராம். கிளம்பும்போது அவள் தோளைத் தொட்டுவிட்டு, தும்மிக்கொண்டே மழையில் போனார்.

சாப்பாட்டு நேரம் முடிந்தே போயிருந்தது. அவள் வந்து, என் மேசைக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த பெட்டியில் உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

“அக்கா, பசிக்குது.”

என் டப்பாவைத் திறந்து கொடுத்தேன். பாதிக்கு மேல் அவளே சாப்பிட்டாள். குனிந்த தலை நிமிராமல், வேகவேகமாக. இடையில் ஒருமுறை மூக்கை உறிஞ்சினாள். பாப்பாகிட்ட எப்படிக்கா சொல்றது என்று மட்டும் கேட்டாள். போட்டோ அடுத்த வருஷம்னு சொல்லு, அதுக்குள்ள அவளும் உன் தோள் உயரத்துக்கு வந்துடுவா என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

அவர் டூல் பெட்டியின் சாவியை மேனேஜரிடம் கொடுத்துவிட்டு வந்தார். இடுப்பில் சாவி தொங்குகிற இடத்தைக் கை தன்னால் தடவிக்கொண்டிருந்தது. எங்கள் எதிரில் வந்து நின்றாரே தவிர உட்காரவில்லை. அவள் டப்பாவை நீட்டினாள். வேண்டாம் என்று தலையசைத்தார்.

“இன்னும் ஒரு வருஷம்,” என்றார்.

“ஆமா.”

“நாளைக்கு எத்தனை மணிக்குத் தட்டை…” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

“தட்டு வேணாம். மிஷின்கிட்டயே நிப்பேன். வர்ற வரிசையில கொடுங்க. கெட்டது வந்தாலும் கொடுங்க.”

அவர் அவளைப் பார்த்தார். “அப்புறம் அழக்கூடாது.”

“அழுவேன்,” என்றாள் அவள். “அழுதாலும் கொடுங்க.”